எட்டுக் கறவை

அந்த மார்கழித் திங்கட்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘மாலை ஆறு மணி: எதிர்வீட்டுப் பசுவுக்கு மூன்றாவது ட்யூப், இதுவே கடைசி. நான்கு நாள் பால் கூடாது.’ இதில் பிழை எதுவும் இல்லை. பிழை அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அஞ்சலகத்தில் வேலை பார்த்தபோது காலையில் முதல் வேலையாக முத்திரையில் தேதியை மாற்ற வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் தேதி போட்டு எதையாவது எழுதாமல் ஒரு நாள் கழிவதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் சாவு நேர்ந்தால், பத்தாம் நாள் என்றைக்கு, பதினாறாம் நாள் என்றைக்கு என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சொல்வேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

எதிர்வீட்டு அம்மாள் நெசவுக்குப் பட்டு நூலைத் தார் என்ற சிறு குச்சியில் சுற்றிக் கொடுப்பவர். ஒரு கலப்பினப் பசு வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அவர்தான் பால் கொடுக்கிறார். பாக்கெட் பாலில் போட்ட காபியை என் மனைவி காபி என்றே ஒப்புக்கொள்வதில்லை.

பசுவின் விஷயத்தில் நான் தலையிட்டதற்குக் காரணம் என் மனைவியின் உடம்பு. பல வருடங்களுக்கு முன் காலில் ஆணி குத்திய புண்ணுக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் கைப்பையில் சிவப்பு மையில் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது: ‘பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.’ எழுதியவன் நான்.

அந்தச் சனிக்கிழமை காலை பசுவின் பின்காம்பு ஒன்று கல் போல வீங்கியிருந்தது. கறந்தால் பாலோடு திரி திரியாக வந்தது. கால்நடை மருத்துவர் வண்டியில் வந்தார். கூரம் பக்கம் ஒரு முகாமை முடித்துவிட்டு வந்த இளம்பெண். நான்கு கிண்ணங்கள் பதித்த ஒரு தட்டை மடிக்குக் கீழே பிடித்து, காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பால் பீய்ச்சி, ஊதா நிறத் திரவம் ஊற்றிச் சுழற்றினார். மூன்று கிண்ணங்களில் பால் பாலாகவே ஓடியது. நான்காவதில் கூழ் போலத் திரண்டது.

“மடிநோய். தினம் சாயங்காலம் ஒரு ட்யூப், மூணு நாள் போடணும்,” என்றார் மருத்துவர். “கடைசி ட்யூப் போட்டு நாலு நாள் பால் யாருக்கும் கொடுக்கக்கூடாது. கீழ ஊத்திடுங்க.”

“மத்த மூணு காம்பு நல்லாத்தானே இருக்குது மேடம்?”

“மருந்து ஒரு காம்போட நிக்காதும்மா. ரத்தத்துல கலந்து மத்ததுக்கும் போவும்.”

ட்யூப் வந்த அட்டைப்பெட்டியை வாங்கிப் படித்தேன். பெனிசிலின் வகை மருந்து. என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவரிடம் சொன்னேன். “அப்ப அவங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க சார்,” என்றார். வீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து ஒரு நாளைக்குப் பல முறை மடியில் பூசச் சொன்னார். கைவைத்தியம் என்று ஒதுக்கப்பட்டிருந்த இந்தக் கலவையை இப்போது ஆராய்ச்சியாளர்களே மாடுகளிடம் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைக்கிறார்கள் என்பதை ஏற்கெனவே படித்திருந்தேன். ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்துக்கொள்வதுதான் நோக்கம். மாட்டுக்குப் போடும் மருந்துக்குக் கிருமிகள் பழகிப்போனால், மனிதனுக்கு அதே வகை மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம். மாட்டின் நலம், மனிதனின் நலம், மண்ணின் நலம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு இன்றைய கால்நடை மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. நூலகத்தில் படித்தபோது அது தூரத்து விஷயமாக இருந்தது. எங்கள் வீட்டு அடுப்படி வரை வரும் என்று நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டார். “அண்ணா, இன்னிக்கி நாலாம் நாள்தானே? கொடுக்கலாமா? அவுங்க ரெண்டு வூட்லயும் கேட்டுக்கினே இருக்காங்க.”

குறிப்பேட்டைத் திறந்தேன். விரல் விட்டு எண்ணினேன். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வியாழன் நான்கு. ‘வியாழன்: நாலாம் நாள். மாலை முதல் பால் கொடுக்கலாம்’ என்று எழுதி, அப்படியே சொல்லியும் அனுப்பினேன். அதுதான் நான் சொன்ன அடுத்த பக்கம்.

அன்று மாலை பால் வந்தது. மனைவிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மிளகும் மஞ்சளும் போட்டு அரை டம்ளர் குடித்தாள். காலைக் காபிக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் அவள் முதலில் பார்த்தது தயிர்ப் பாத்திரத்தைத்தான்.

“உங்க நாலாம் நாள் பாலை வந்து பாருங்க.”

பாத்திரத்தைச் சாய்த்தாள். பால் அந்தப் பக்கம் ஓடி இந்தப் பக்கம் வந்தது. உறை மோர் மட்டும் அடியில் சிறு திட்டாகக் கிடந்தது.

“மார்கழிக் குளிர். அதான் உறையல,” என்றேன்.

“நேத்தும்தான் குளிரு. பாக்கெட் பால் கட்டியா உறைஞ்சுது. இதுக்கு மட்டும் தனியா குளிருதா?”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. பாலில் ஆன்டிபயாட்டிக் தங்கியிருக்கிறதா என்று கண்டறியும் முறைகளில் ஒன்று, பாலில் ஒரு வகை பாக்டீரியாவை வளரவிட்டுப் பார்ப்பது. பால் சுத்தமாக இருந்தால் அது வளர்ந்து அமிலம் உண்டாக்கும், நிறம் மாறும். மருந்து இருந்தால் வளராது, நிறமும் மாறாது. தயிர் உறைவதும் பாக்டீரியா வளர்வதால்தான்.

“நேத்து குடிச்சியே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“இன்னா பண்ணுதுன்னா?”

சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். காபிக்காக எடுத்து வைத்திருந்த பாலைத் தொடாமல் மூடினாள். அதன் பிறகு கேலி பேசவில்லை.

மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார்.

“திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன் சார். நாலு நாள்னா தொண்ணூத்தாறு மணி நேரம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் முடியுது. நீங்க எப்படி எண்ணினீங்க?”

“திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு…”

“தீட்டு எண்ணுற மாதிரி எண்ணிட்டீங்களா? எங்க அப்பாவும் இப்படித்தான் சார்.”

அவர் சொன்னதுதான் உண்மை. சாவுக் காரியங்களுக்கு எண்ணும்போது, மாலையில் உயிர் போனாலும் அந்த நாள் முழு நாளாக முதல் நாள் கணக்கில் சேரும். பதினாறாம் நாள் என்றால் பதினாறாவது நாளன்றே காரியம். இத்தனை வருடங்களாக அப்படியே எண்ணிப் பழகிய விரல்கள் பசுவின் மருந்துக்கும் அப்படியே எண்ணிவிட்டன. இருபத்து நான்கு மணி நேரத்தை என் கையாலேயே குறைத்துவிட்டேன்.

தோலில் தடிப்போ, உதட்டில் வீக்கமோ, மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் மருத்துவர். பாலில் தங்கும் அளவு சிறிது. பாலால் இப்படி ஆவது அரிது. ஆனால் நடந்திருக்கிறது என்றார். கைப்பையை எடுத்து வாசலருகே வைத்தேன். சீட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். தெருமுனை ஆட்டோக்காரரிடம் எங்கும் சவாரி போகாமல் இருக்கச் சொன்னேன்.

பிறகு எதிர்வீட்டு அம்மாளிடம் இன்றும் பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய், நேற்று வந்த பாலைக் கொட்டிவிடச் சொன்னேன். தவறு எதிர்வீட்டு அம்மாளுடையதல்ல, என்னுடையது என்பதையும் சொன்னேன். இரண்டாவது வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்.

“இன்னா சார், ஊருக்கே பதினாறு எண்ணுறீங்க. நாலு எண்ண வரலியா?”

“வரல,” என்றேன்.

உறையாததற்குக் காரணம் குளிரா மருந்தா என்பது அதுவரை உறுதியாகத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் இரண்டு கிண்ணங்கள் எடுத்தேன். ஒன்றில் பாக்கெட் பால், மற்றதில் நேற்றைய பசும்பால். இரண்டையும் காய்ச்சி, ஒரே சூட்டுக்கு ஆறவைத்து, ஒரே மோரில் ஒவ்வொரு கரண்டி விட்டு, அரிசிப் பானைக்குள் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தேன். மணி எட்டே கால். மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரை மணிக்கு ஒரு முறை நான் போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பத்தரைக்கு அவள் முழங்கையைச் சொறிந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

“கொசுங்க. உக்காருங்க. நீங்க இப்படிப் பார்த்துக்கினே இருந்தா எனக்கு எல்லா இடமும் அரிக்கும்.”

கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கொசுக்கடிதான். நடுவில் புள்ளி இருந்தது. அதையும் நேரம் போட்டு எழுதினேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அரிசிப் பானையைத் திறந்தேன். பாக்கெட் பால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு உறைந்திருந்தது. மற்றது பாலாகவே இருந்தது. குளிர் இல்லை. அவள் மருந்து கலந்த பாலைத்தான் குடித்திருக்கிறாள்.

இரண்டு கிண்ணங்களையும் அவள் முன்னால் வைத்தேன். உறையாத கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

“அப்ப நேத்து சாயங்காலத்துல இருந்து இது என் வயித்துல இருக்குது. இவ்ளோ நேரம் ஒண்ணும் ஆவல.”

“ஆவல.”

“இனிமே ஆவுமா?”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவளிடம் அதைச் சொன்னதுதான் அன்று எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அன்று மாலை வரை எதுவும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை.

சனிக்கிழமை மருத்துவர் பசுவைப் பார்க்க வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. என் இரண்டு கிண்ணங்களைப் பற்றிச் சொன்னேன். சோதனை நல்ல யோசனைதான், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார். உறையாவிட்டால் மருந்து இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. தயிரைத் தடுக்கப் போதாத அளவு கூட, ஒத்துக்கொள்ளாத உடம்புக்குப் போதும்.

“மத்தவங்களுக்கு நான் சொன்ன நாலு நாள் சரி. அம்மாவுக்கு அது பத்தாது. இன்னும் தள்ளிப் போடுங்க.”

பிறகு எதிர்வீட்டு அம்மாளிடம், “அடுத்த தடவை நாளை எண்ணாதீங்கம்மா. ட்யூப் போட்ட பிறகு எத்தனை தடவை கறக்கிறீங்கன்னு எண்ணுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எட்டுக் கறவை,” என்றார்.

“அது எண்ணிக்கலாம் மேடம். புக்கு வேணாம்,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

சித்திரையில் அதே காம்பு மறுபடி வீங்கியது. மறுபடி மூன்று ட்யூப். கடைசி ட்யூப் போட்ட மாலை எதிர்வீட்டு அம்மாள் தார் சுற்றி மிஞ்சிய பட்டு நூல் ஒன்றை எடுத்து, எட்டு முடிச்சுப் போட்டுக் கொட்டகைத் தூணில் கட்டினார். ஒவ்வொரு முறை கறந்து பாலைக் கொட்டியதும் ஒரு முடிச்சைக் கத்தரித்தார். நானும் என் குறிப்பேட்டில் மணி போட்டு எழுதிவந்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

எட்டாவது முடிச்சு கத்தரிபட்ட மறுநாள் காலை மற்ற இரண்டு வீடுகளுக்கும் பால் போனது. எங்கள் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்தார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உனுக்கு இல்ல. உனுக்குத் தனியா இன்னோரு எட்டு முடிச்சு போட்டு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் பாக்கெட் பாலு.”

மனைவி முகத்தைச் சுளித்தாள். நான் மேசையிலிருந்த குறிப்பேட்டை எடுத்துத் திறந்தேன்.

“நீங்க எண்ணாதீங்க,” என்றாள் அவள். “தூண்ல இருக்குது.”