சோபாக்காரன் தைத்த தலையணைகள்

உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற வேலையில் பாராட்டும் புகாரும் ஒரே வாயிலிருந்து, பெரும்பாலும் ஒரே மூச்சில் வரும். புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடி கொட்டிப்போன யாருக்காவது ஆசையாகத் தொப்பி பின்னிக் கொடுத்து, "காது வலிக்குது" என்று அது திரும்பி வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

எனக்கு அலோர் காஜாவில் சோபா பட்டறை. கிழிந்த சோபா, லாரி சீட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலி எல்லாம் தைப்பேன். சனிக்கிழமைகளில் மட்டும் வேறு வேலை. மார்பில் புற்று வந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வேறு நோயில் கிடப்பவர்களுக்கும் தலையணை, தொப்பி, பை, போர்வை என்று தைக்கிறேன். இவற்றுக்கு விலை கிடையாது. என்னை இதில் இழுத்துவிட்டவர் பிலோமினா அக்கா. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார். சர்ச் பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடுகிறவர், அதனால் மெதுவாகப் பேசத் தெரியாது. நான் தைப்பேன், அவர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார், வேன் ஓட்டுவது நான்.

சோபா பஞ்சு

முதல் வாடிக்கையாளரும் பிலோமினா அக்காதான். இடது மார்பை எடுத்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கையை உடம்போடு ஒட்டி வைக்க முடியவில்லை, காரில் பெல்ட் போட்டால் காயத்தில் படுகிறது. யாரோ கைப்பேசியில் அனுப்பிய படத்தை என்னிடம் காட்டினார். இதய வடிவத்தில் ஒரு தலையணை. அதன் நடுவில் இருக்கிற பள்ளத்தை அக்குளுக்குக் கீழே செருகிக்கொண்டால் கையின் பாரம் காயத்தில் இறங்காதாம். "இது உன்னால முடியுமா தம்பி?" என்று கேட்டார். மூன்று பேர் உட்காருகிற சோபாவை ஒரே நாளில் பிரித்துத் தைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்குத் தோன்றியது.

கடையில் இருந்த நல்ல ஸ்பாஞ்சைத் தேர்ந்தெடுத்து வெட்டி, உறை போட்டுக் கொடுத்தேன். சோபா ஸ்பாஞ்சு ஆள் உட்கார்ந்தாலும் அமுங்காமல் இருக்கத்தானே செய்கிறார்கள். அக்கா அதைச் செருகியதும் முழங்கை பக்கவாட்டில் நட்டுக்கொண்டு நின்றது. பட்டறைக்குள் ஒரு நடை நடந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இதோட நான் வீட்டுக்குள்ள போனா, சண்டைக்கு வர்றேன்னு நெனச்சி மருமக கதவச் சாத்திடுவா."

திரைச்சீலை

அதற்குப் பிறகு நார்ப்பஞ்சு அடைத்து, மெல்லிய பருத்தித் துணியில் தைக்கக் கற்றுக்கொண்டேன். விஷயம் சர்ச்சிலும் கோயிலிலும் பரவி, துணி கொடுக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் ஜிகினா வைத்த துணி, வழுக்குகிற சாட்டின், பாச்சை உருண்டை வாசம் போகவே போகாத பழைய பாஜு சட்டை எல்லாம் வந்தன. தைக்கிறவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்வதுதான் தைப்பதைவிடக் கடினம்.

ஓர் ஆன்ட்டி தன் வீட்டு வரவேற்பறைத் திரைச்சீலையைக் கழற்றி, வளையங்களோடு அப்படியே கொண்டுவந்தார். சாக்கு மாதிரி தடித்த துணி. "ஆன்ட்டி, காயத்துப் பக்கம் படுற துணி, மெத்துனு இருக்கணும்" என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். அவர் என்னைப் புரியாத மாதிரி பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, எனக்கு விளக்குகிற குரலில்தான் சொன்னார்: "நோயாளிக்குத்தானே தம்பி, அவங்க இதத் தூக்கிக்கிட்டு வெளிய எங்க போகப் போறாங்க."

கல்யாணத்துக்குப் போன பை

இந்திராணி அக்கா வெளியே போனார். மஸ்ஜித் தானாவில் இருக்கிறவர். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, காயத்திலிருந்து ஒரு டியூபும் அதன் முனையில் ஒரு பாட்டிலும் கூடவே வந்தன. உள்ளே ஊறுகிற நீர் அந்தப் பாட்டிலில் சேரும். அது வற்றுகிற வரைக்கும் பாட்டிலைக் கையோடு தூக்கிக்கொண்டுதான் குளிக்க, சாப்பிட, தூங்க எல்லாம். அவருக்கு அந்த வாரத்தில்தான் மகள் கல்யாணம். தள்ளிப்போடலாம் என்று கணவர் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவும் சம்மதிக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது வேண்டாம் என்றார்.

கல்யாணப் புடவையில் வெட்டிய ரவிக்கைத் துண்டில் மீதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அரக்கு நிறப் பட்டு, தங்கக் கரை. தோளில் குறுக்காக மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தேன். உள்ளே பாட்டில் சாயாமல் நிற்க ஓர் உறை, டியூப் மடங்காமல் நுழைய ஒரு வாய், கசிந்தாலும் பட்டில் தெரியாமல் இருக்க லாரி சீட்டுக்குப் போடுகிற ரெக்சினில் உள் துணி. கரை மூடியின் மேல் வருகிற மாதிரி வெட்டினேன்.

கல்யாணத்துக்கு நானும் பிலோமினா அக்காவும் போயிருந்தோம். பெண்ணை யார் பார்த்தார்களோ, நான் பையின் வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திராணி அக்கா மேடையில் நின்றார், குனிந்து ஆசீர்வதித்தார், வந்தவர்களைக் கும்பிட்டார். வார் இறங்கவில்லை. முகம் இரண்டு தடவை வெளுத்தது, உடனே யாரையாவது பார்த்துச் சிரித்து அதை மறைத்துக்கொண்டார். பந்தியில் எங்கள் பக்கம் வந்து குனிந்து, என் காதருகே சொன்னார்: "சம்பந்தியம்மா பை எங்க வாங்குனதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, சிங்கப்பூர்ல வாங்குனேன்னு சொல்லிட்டேன், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க தம்பி."

ஜிப் எந்தப் பக்கம்

முனியாண்டி அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. லாரி ஓட்டியவர். இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிறார். அங்கே ஏர்கோன் குளிர் எலும்பில் ஏறும், ஆனால் ஊசி குத்திய கையை மூடக் கூடாது, தாதியின் கண்ணில் பட்டபடி இருக்க வேண்டும். அதனால் இடது பக்கம் ஜிப் வைத்து, கை மட்டும் வெளியே வருகிற மாதிரி ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். நிறம் சரியில்லை என்றார், மாற்றினேன். பாரமாக இருக்கிறது என்றார், பிரித்து இலேசாக்கினேன். ஜிப் சத்தம் போடுகிறது என்றார், மெழுகு தேய்த்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஜிப்ப இந்தப் பக்கம் வையி" என்று வலது கையைக் காட்டினார். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தொட்டால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். இடது கையில் அது அடைத்துப்போய், வலது கையில் புதிதாகப் போட்டிருந்தார்கள். நான் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "லாரி இஞ்சின் ஐட்லிங்ல ஓடுற மாதிரி இருக்கும். காலைல எந்திரிச்சதும் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் தொட்டேன், இஞ்சின் நின்னுருந்துச்சு" என்றார். 

நான் புத்திசாலித்தனமாக இரண்டு பக்கமும் ஜிப் வைத்துக் கொடுத்தேன். அவர் வலது ஜிப்பைத் திறந்து மூடினார். இடது ஜிப்பையும் திறந்து மூடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ரெண்டு பக்கமும் வெச்சிருக்கியே, அப்ப இந்த இஞ்சினும் நின்னுடும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

ஹெல்மெட்டுக்குள்

கவிதா புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். மருந்தேற்றுகிற நாள் லீவு, மற்ற நாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவாள். சர்ச் பெண்கள் பின்னிய கம்பளித் தொப்பி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் ஹெல்மெட் போட்டால் பின்னல் ஒவ்வொன்றும் மொட்டைத் தலையில் பதிந்தது. தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது தலை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் காட்டினாள். இருந்தது.

இழுத்தால் வருகிற பழைய டி-சட்டைத் துணியில், தையல் முழுக்க வெளிப்புறம் வருகிற மாதிரி ஒட்டினாற்போல் ஒரு தொப்பி தைத்தேன். அவள் போட்டு, மேலே ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி, பட்டறை வாசலில் மோட்டாரைக் கிளப்பி ஒரு சுற்று போய்விட்டு வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "ஓகேலா அண்ணே, கச்சிதமா இருக்கு, இனிமே முடி மொளச்சாதான் பிரச்சன, சைஸ் பத்தாது."

செல்வி அடைத்தவை

பெம்பான் பக்கத்தில் ஓர் எஸ்டேட் வீட்டில் செல்வி இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். கணவர் குமாருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. செல்வி வீட்டிலேயே பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுத்தவர். மார்பில் வந்தது எலும்புக்குப் போயிருந்தது. நாங்கள் தலையணையோடு போனபோது அதை வாங்கி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். பஞ்சு அடைத்த பிறகு கையால் மூடுகிற வாய்த் தையல் மட்டும் அவசரத்தில் போட்டது என்றார். உண்மைதான். பிறகு, "என்னால மிஷின் மிதிக்க முடியாது. படுத்துக்கிட்டே பஞ்சடைச்சு வாய் தைக்கிற வேலைய எங்கிட்ட குடுத்துடுங்க" என்று கேட்டார். பிலோமினா அக்கா அடுத்த சனிக்கிழமையே உறைகளையும் ஒரு மூட்டை பஞ்சையும் கொண்டுபோய் இறக்கினார்.

முதலில் வந்த தலையணைகள் என் தலையணைகளைவிட நன்றாக இருந்தன. வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. போகப் போக அவர் விரல்களில் பலம் குறைந்தது. பஞ்சைப் பிய்த்து உதிர்க்க முடியாமல் கட்டி கட்டியாக அடைத்தார். ஒரு பக்கம் கல் மாதிரி, மறு பக்கம் வெறும் பை. புதுக் காயத்தில் கட்டி அழுத்தினால் வலி உயிர் போகும், அப்படியே கொடுக்க முடியாது. வேலையை நிறுத்துங்கள் என்று அவரிடம் சொல்லவும் எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. அவர் கொடுப்பதை வாங்கி வந்து, பட்டறையில் வாயைப் பிரித்து, பஞ்சை உதறி, திரும்ப அடைத்து மூடினோம். போகும்போதெல்லாம், "எல்லாம் ஆளுங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்பார். பிலோமினா அக்கா கைப்பேசியில் தலையணை வாங்கியவர்களின் படம் காட்டுவார். செல்வி அதை இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு அடுத்த மூட்டையைக் கேட்பார்.

பிறகு வலி மருந்தின் அளவு கூடியது, நாங்கள் போன நேரங்களில் பெரும்பாலும் தூக்கத்தில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை குமார் போன் செய்தார். சாவுக்குப் போனோம். சடங்கெல்லாம் முடிந்தபின் குமார் பட்டறைக்கு வந்தார். மீந்த பஞ்சு மூட்டையும், வாய் மூடாத சில தலையணைகளும் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் ஊசி செருகியபடி இருந்தது. பிலோமினா அக்கா அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினார். செல்வி செய்து கொடுத்தது எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். குமார் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூட்டையை மேசைக்கடியில் தள்ளி வைத்தபடி சொன்னார்: "நீங்க பிரிச்சுத் தைச்சதோட மொதப் படத்துலயே வாய்த் தையல் அவளோடது இல்லன்னு கண்டுபிடிச்சிட்டா அக்கா, 'நான் அடைக்கிறேன், அவங்க பிரிக்கிறாங்க, நான் போயிட்டா அவங்களுக்குப் பாதி வேல கொறையும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

சோபா வேலையில் ஆள் திரும்பி வரவில்லை என்றால் தைத்தது நன்றாக உழைக்கிறது என்று அர்த்தம், சனிக்கிழமை வேலையில் அதற்கு இரண்டு அர்த்தம் இருப்பதால் நான் யாரையும் விசாரிக்காமல் அடுத்த துணியை வெட்டப் போய்விடுகிறேன்.