அத்தை தேடிய கோடு

அத்தையைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த சனிக்கிழமை, எட்டு வயதான என்னை அவள் வேலை செய்யும் இடத்துக்குக் காவலாகக் கூட அனுப்பினார்கள். "மூணு மணிக்குள்ள அவளைக் கையோட கூட்டிண்டு வந்துடு" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் காலையிலேயே பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கியாகிவிட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை. கொலாபா பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் தகடுகளைப் பார்ப்பது அவள் வேலை. அணுவைவிடச் சிறிய துகள்கள் பாய்ந்த தடம், தகட்டின் பூச்சுக்குள் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தத் துகள்களில் சிலவற்றுக்கு விநோதத் துகள் என்று பெயர். அவை சிதைந்து வேறொன்றாக மாறும் இடத்தில் கோடு ஒடியும். சிதைப்பது, இயற்கையின் அடிப்படை விசைகளில் ஒன்றான பலவீன விசை. விநோதத் துகள்களிடம் மட்டும் அந்த விசை ஏன் இத்தனை மந்தமாக நடந்துகொள்கிறது என்பதுதான் அப்போதைய கேள்வி. துகள்களுக்கு உள்ளே இருக்கும் குவார்க்குகளில், சாதாரணம், விநோதம் என்ற இரண்டு வகைகள் கலந்தே அந்த விசையின் முன் நிற்கின்றன, கலவையில் விநோத வகையின் பங்கு கொஞ்சம்தான் என்று பிற்பாடு கல்லூரியில் படித்தேன். அந்தப் பங்கை அளக்க, ஒடிந்த இடத்திலிருந்து எலெக்ட்ரான் புறப்படும் தடம் வேண்டும். ஆயிரம் பார்த்தால் ஒன்று கிடைக்கலாம்.

பகல் ஒரு மணிக்கு அத்தைக்கு அப்படி ஒன்று கிடைத்தது.

"இங்க பாரு. தடியா வந்து, சட்டுனு ஒடிஞ்சு, மெல்லிசாப் போறதா? எதையும் தொடாதே, டாக்டரைக் கூட்டிண்டு வரேன்."

மெல்லிய கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. தகட்டை நகர்த்தும் பக்கத்துத் திருகைத் திருப்பினேன். கோடு நழுவிப் போயிற்று. பதறி எதிர்ப்பக்கம் திருப்பினேன். யார் யாருடைய கோடுகளோ வந்தன, அது வரவில்லை.

அத்தையின் மேலதிகாரியான விஞ்ஞானி டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்கேம்மா?"

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "என் கை பட்டுடுத்து சார்."

"இடத்தைக் குறிச்சு வெச்சயா?"

மேஜைமேல் திறந்திருந்த நோட்டை மூடினாள். "இல்லை சார். தேடி எடுத்துடறேன்."

உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். மூன்று மணி அடித்தது. "அத்தை, அம்மா வையப்போறா" என்றேன். "கிடைக்காம எப்படிடி எழுந்திருக்கறது?" என்றாள், கண்ணை எடுக்காமல். நாலு மணிக்கு ஆபீஸ் போனில் அப்பா கத்தியது எனக்கே கேட்டது. "முடியாது அண்ணா. ஆயிரத்துல ஒண்ணு இது" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாள். ஐந்தரைக்கு அவர்கள் வந்திருப்பார்கள். ஆறு மணிக்குப் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். சத்தம் வராமல் அழுதேன்.

ஆறேகாலுக்கு அத்தை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "கிடைச்சுடுத்து சார்!"

வீட்டில் அப்பா கதவருகிலேயே நின்றிருந்தார். "மைக்ராஸ்கோப்பைக் கட்டிண்டவளுக்கு எங்க பையன் எதுக்குன்னு கேட்டுட்டுப் போறா. உனக்கு வெக்கமா இல்லே?" நான் குறுக்கே விழுந்து, திருகியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஓர் அறை விழுந்தது. அத்தை என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பிறகு வந்த வரன்கள் எதுவும் சரிப்படவில்லை. என்னால்தான் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் முதல்முறை மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தபோது ஆசிரியை சொன்ன முதல் பாடம், கண்ணை எடுக்குமுன், தகடு நிற்கும் இடத்தைக் காட்டும் அளவுகோலின் இரண்டு எண்களையும் எழுதிவிட வேண்டும், எழுதினால் அதே இடத்துக்கு ஒரு நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்பது. அன்று மாலையே அத்தையிடம் போய்க் கேட்டேன். "எழுதாம எந்த மடச்சி எழுந்து போவா?" என்றாள். அவளுடைய பழைய நோட்டில், அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நேராக, நான் திருகைத் தொடுவதற்கு முன்பே எழுதிய அந்த எண்கள் இருந்தன.

ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அழுத எனக்கு, தேடுகிறவள் ஒருமுறைகூட அவசரப்படவில்லை என்பது உறைக்கவே இல்லை.