சந்தேகத்தோடு பஸ் ஏறியவர்

மருது வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார் என்றால் கீழச்சிவல்பட்டியில் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். பஸ் நிறுத்தம் வரை வருவதும், சட்டைப்பையில் சாவியைத் தடவிப் பார்ப்பதும், விறுவிறுவென்று வந்த வழியே திரும்பி நடப்பதுமாகத்தான் ஊர் அவரைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறது. கண்டக்டர்களுக்கும் பழகிவிட்டது. அவர் ஏறி உட்கார்ந்தாலும் உடனே டிக்கெட் கிழிக்க மாட்டார்கள்.

அவர் பார்த்துக்கொள்ளும் வீடு அவருடையது அல்ல, சென்னையில் இருக்கும் வள்ளியப்பனுடையது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. நடுவில் எத்தனை கதவு என்று நாம் எண்ண வேண்டாம், மருது எண்ணியே நொந்து போனவர். சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்து பித்தளை அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுக் காவலாளியை எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "ஒழுங்காப் பூட்டுனியா?" என்று கேட்டார்கள். பூட்டியவன்தான். ஆனால் பாவம், அவனுக்கு வாய் எழவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைப் பார்த்துவிட்டு வந்த மருதுவிடம் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒரு தடவை திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தடவை போதவில்லை. செல்போனில் பூட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் இது இன்றைக்கு எடுத்த படமா, நேற்றையதா என்று புதுச் சந்தேகம் கிளம்பியது. அதுதான் தேதி போட்டிருக்கிறதே என்றால், போனில் தேதி சரியாக ஓடுகிறதா என்பார். தன் வீட்டுக்கு வந்ததும் மனைவி பொன்னழகிடம், "நான் பூட்டிட்டேன்ல?" என்று ஆரம்பிப்பார். கூடவே நின்று பார்த்தவள் மாதிரி அவளும், "பூட்டிட்டீக, பூட்டிட்டீக, சாப்பிடுங்க" என்பாள். அந்தப் பதில் ஒரு வாய்ச் சோறு இறங்கும் வரை தாங்கும்.

இவ்வளவு காலம் சிரிப்பாக இருந்தது, மூத்த மகள் தீபலட்சுமியின் நிச்சயதார்த்தத்தில் சிரிப்பாக இல்லை. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டைப் பார்த்துவிட்டு அவர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. பெண்ணைப் பெற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் அவர் தம்பி முத்தரசு நின்று மாற்றியிருந்தான். தீபலட்சுமி கோபப்படவில்லை. "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று மருதுவுக்கு இருந்தது. இப்போது இளையவள் கீர்த்திக்கும் வரன் அமைந்து, தை மாதம் தேவகோட்டையில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். பொன்னழகு நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தத் தட்டையும் உங்க தம்பிதான் மாத்தணுமா?"

அந்தக் கேள்விதான் அவரைக் காரைக்குடி மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அதே ஊரில் செக்காலைப் பகுதியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த ஆலோசகர் சப்ரினையும் வாராவாரம் பார்க்கச் சொன்னார். மருது பயந்துகொண்டேதான் படியேறினார். கண்ணை மூடு, மூச்சை இழு என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். சப்ரின், "சாவி கையில இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கனம் எப்படி இருக்கிறது, குளிர்ச்சியா சூடா, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பாதியில் அவர் மனசு கீழச்சிவல்பட்டிப் பின்வாசலுக்கு ஓடிவிட்டது.

"ஓடிருச்சும்மா" என்றார் குற்றவாளி மாதிரி.

"ஓடட்டும். திட்டாமக் கூட்டிட்டு வந்து சாவிகிட்டயே விடுங்க. பூட்டும்போதும் இப்படித்தான். ஒரே தடவை, முழு மனசோட. அப்புறம் கையை எடுத்துட்டு நடந்துருங்க."

பொன்னழகுக்கும் ஒரு கட்டளை போயிற்று. அவர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. அவளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். "டாக்டரம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாக" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

சில நாட்கள் பிரமாதமாகப் போயிற்று. பூட்டின் நாக்கு உள்ளே விழும் சத்தத்தைக் காதால் கேட்டு, அதன் குளிர்ச்சியைக் கையால் உணர்ந்து, ஒரே தடவையில் பூட்டிவிட்டு நடந்தார். அப்புறம்தான் மனுஷன் எவனும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். பூட்டினோம், சரி. ஆனால் முழுக் கவனத்தோடு பூட்டினோமா? இந்தச் சந்தேகம் வந்ததும் திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, முழுக் கவனத்தோடு மறுபடி பூட்டினார். போதாதென்று பட்டது. மறுபடி திறந்தார். நோய்க்குக் கொடுத்த மருந்தையே நோய்க்குத் தீனியாகப் போட்ட ஆள் அவர்தான்.

மாடியேறி இதைச் சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு இது ஒத்து வராதும்மா. கவனத்துலயும் கோட்டை விட்டுட்டேன்."

சப்ரின் சிரித்தாள். கேலி இல்லாத சிரிப்பு. "தப்பு என்னோடதும்தாண்ணே. கவனிச்சுப் பூட்டுனா சந்தேகம் வராதுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீக, நானும் தெளிவாச் சொல்லாம விட்டுட்டேன். பூட்டைக் கவனிச்சது போதும். இனிமே சந்தேகத்தைக் கவனிங்க. வரும்போது அது உடம்புல எங்க வந்து உக்காருது?"

மருது யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நெஞ்சுக்குழியில. அப்புறம் காலுல. காலு தானாத் திரும்பும்."

"அதைப் பாத்துக்கிட்டே இருங்க. வெரட்டவும் வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். கடைத்தெருவுல பிள்ளை வேட்டியைப் பிடிச்சு இழுத்தா, கேட்டதெல்லாமா வாங்கித் தாரீக? அதுக்காகப் பிள்ளையை விட்டுட்டா வாரீக? கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறோம்ல."

"அப்ப எப்பத்தாம்மா இது போகும்?"

"போகும்னு நான் சொல்லவே இல்லையேண்ணே. நீங்க போகலாம்னுதான் சொல்றேன்."

நிச்சயத்தன்று காலையில் வள்ளியப்பனின் சொந்தக்காரர்கள் சாமி கும்பிட வந்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவைத்துப் பூட்ட வேண்டியிருந்ததால், பொன்னழகும் உறவுக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மருது பூட்டினார். கையை எடுத்தார். நடந்தார். தெருமுனை திரும்புவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது, அதுவும் சாதாரணமாக வரவில்லை. பின்வாசல் ஆவென்று திறந்து கிடப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நெஞ்சுக்குழி இறுகியது. கால் திரும்பியது.

திரும்பிய காலைப் பார்த்தார். செருப்புக்குள் பெருவிரல் அழுந்துவது தெரிந்தது. 'வந்துட்டியா, சரி வா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றார். "காரைக்குடி ஒண்ணு, கிழிங்க" என்றார் மருது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெஞ்சு இறங்கச் சொன்னது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது கைக்குள் அதிர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காரைக்குடியில் இறங்கி தேவகோட்டை பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சந்தேகம் அப்போதும் கூடவே ஏறியது. வீடு பூட்டித்தான் இருந்ததா என்று உங்களுக்கும் இப்போது குடைகிறதல்லவா? கொஞ்சம் குடையட்டும்.

மண்டபத்தில் சம்பந்தி அய்யப்பன் தட்டோடு எழுந்து நின்றிருந்தார். இந்தப் பக்கம் எதற்கும் இருக்கட்டும் என்று முத்தரசு தட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தான். வாசலில் அண்ணனைக் கண்டதும் அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மண்டபமே கேட்கும்படி, "என்னண்ணே, அதுக்குள்ள வந்துட்ட? வீட்டைப் பூட்டிட்டியா?" என்றான்.

பொன்னழகு பல்லைக் கடித்தாள். மனையில் உட்கார்ந்திருந்த கீர்த்தி தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் தீபலட்சுமி நின்றிருந்தாள்.

நெஞ்சுக்குழியில் அது மறுபடி வந்து உட்கார்ந்தது. மருது அதை ஒரு கணம் பார்த்தார்.

"தெரியலடா" என்றார். "தட்டைக் குடு."