நாற்றங்காலில் இறங்கிய வாத்துகள்

தீவின் ஓரத்து வண்டூரிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். மரம் வெட்டும் முகாமில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவனுக்குச் சோறு கிடையாது என்றார்கள், கிளம்பிவிட்டேன். துறைமுக நகரத்து அபர்டீன் பஜாருக்குப் போனால் சுமை தூக்கலாம் என்று எண்ணம்.

ஆடி மாதம். சௌல்தாரியை நெருங்கும்போது பாதையோரச் சதுப்பு முழுக்கக் காட்டு வாத்துகள். விசில் அடிப்பதுபோல் கத்தும் தவிட்டு நிற வாத்துகள். கோடையில் கூட்டமாகத் திரிபவை, மழை பிடித்ததும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து கோரைக்குள்ளும் பட்ட மரப் பொந்துகளிலும் முட்டையிடும். ஒன்றின் பின்னால் பதினொரு குஞ்சுகள் நீந்தின. அன்றிருந்த பசியில் எனக்கு எல்லாம் கறியாகத்தான் தெரிந்தன.

சதுப்பை ஒட்டிய நாற்றங்காலில் ஒரு பெண் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி, “பாகோ! பாகோ!” என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

“வாத்துக்கு இந்தி தெரியுமா அக்கா?”

“தமிழ்ல நேத்து பூரா கத்தினேன், ஒண்ணும் கேக்கல. சிரிச்சுக்கிட்டு நிக்காம நீங்களும் வந்து தட்டுங்க.”

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் துறைமுகத்தில் கூலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். ஒரு வங்காளியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் விதைப்பை வாத்துகள் தின்றுவிட்டன. இது இரண்டாவது; வீட்டில் வேறு விதை இல்லை.

“இதுவும் போச்சுன்னா நிலத்தைத் திருப்பிக் கேட்டுருவான்” என்றாள்.

நாற்றங்காலில் கெண்டைக்கால் அளவு தண்ணீர் நின்றது.

“முளை கட்டின விதைக்கு மேல ஏன் இவ்வளவு தண்ணி?”

“நெல்லு தண்ணியிலதானே நிக்கும்?”

“வளர்ந்த பிறகு நிக்கும். இப்ப நீங்க வாத்துக்குக் குளம் வெட்டி, அதுல சோறும் போட்டு வச்சிருக்கீங்க.”

“மலையில வாத்தும் இல்ல, வயலும் இல்ல. கேலி பண்ணாம ஆக வேண்டியதைச் சொல்லுங்க.”

மண்வெட்டியை வாங்கித் தாழ்ந்த பக்கத்து வரப்பை வெட்டிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மின்னியது. வாத்துகள் வந்தன, இரண்டு சுற்றுச் சுற்றின. பாதி சதுப்புக்கே திரும்பின. மீதியை டின் தட்டி விரட்டினோம்.

காலையில் சேற்றில் சில கால்தடங்கள் இருந்தன. முளை பெரும்பாலும் தப்பியிருந்தது. அவள் குனிந்து ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டு, “நாத்து பறிக்கிற வரைக்கும் இருங்க. ரெண்டு வேளை சோறு” என்றாள்.

காலையில் நனைகிற அளவுக்குத் தண்ணீர் விடுவது, சாயங்காலம் வடிப்பது, இருட்டும் வரை வாத்து விரட்டுவது. சரியென்று மடையைத் திறக்கப் போனேன்.