சக்கில் விட்ட சாவி

இரும்பு வேலை கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் கூடத்தின் முதலுதவி அறையில் பதினோரு வருடம் இருந்தேன். நான் போட்ட கட்டுகளில் பாதி இயந்திரம் செய்த காயத்துக்கு, மீதி லேத் வாத்தியார் செய்த காயத்துக்கு. ஒரு அடி எஃகு ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். தோல் கோடு கிழித்தாற்போலப் பிளந்திருக்கும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் இடி.

பதினாறு வயதில் அவருடைய சுண்டுவிரலை, இரும்பைக் கடையும் அந்த லேத் இயந்திரம் தின்றுவிட்டது. ரத்தம் நிற்பதற்குள் அவருடைய வாத்தியார் கன்னத்தில் ஒன்று விட்டாராம்.

"அந்த அறைதான் சிஸ்டர் மிச்சம் ஒம்பது விரலைக் காப்பாத்துச்சு. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்க" என்பார்.

பாடத்தை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பார். முப்பது பேரும் "புரிஞ்சுது சார்" என்பார்கள். புரியவில்லை என்றால் ஸ்கேல். நடுவில் பேசினாலும் ஸ்கேல்.

அந்த வகுப்பில் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். துணி ஆலை மூடியதும் வந்து சேர்ந்தவள், எல்லோருக்கும் அக்கா. ஒரு நாள் புறங்கை வீங்கி, ரத்தம் சொட்ட என்னிடம் வந்தாள்.

"எதுக்கு வாயைத் திறந்தே?" என்று கேட்டேன்.

"அவர் லேத்துல மாட்டின வெட்டுளி ஆடுச்சு சிஸ்டர். சொன்னேன்."

"இறுக்கினாரா?"

"என்னை அடிச்சிட்டு இறுக்கினாரு."

ஒரு வாரம் போயிருக்கும். லேத்தில் இரும்பைக் கவ்விச் சுழலும் தலைக்குச் சக் என்று பெயர். அதை ஒரு சாவியால் இறுக்கிவிட்டு, சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் குண்டு மாதிரிப் பறக்கும். அன்றைக்குச் சக்கை இறுக்கிக்கொண்டிருந்த வாத்தியார், பாதியில் திரும்பி ஒருவனை நாலு சாத்து சாத்தினார். பிறகு "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்." சுவிட்சைத் தட்டினார்.

நான் ஓடிப் போனபோது அவருடைய இடது கண்ணிருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. புருவ எலும்பு உள்ளே போயிருந்தது. கண்ணில் அழுத்தக் கூடாது. காகித டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கட்டினேன்.

"சாவி இருந்ததை யாருமே பாக்கலையா?" என்று முனகினார்.

அக்காதான் சொன்னாள்: "பாத்தோம் சார்."

"ஏம்மா சொல்லல?"

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி சாவகாசமாகச் சொன்னார்: "வீட்லயும் புரிஞ்சுதான்னுதான் கேப்பாரு. புரிஞ்சுதுன்னு சொல்லிட்டு நான் என் இஷ்டத்துக்குத்தான் செய்வேன். முப்பது வருஷமா எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

ஒரு மாதம் சோதனையாக வகுப்பு எடுக்கலாம், இன்னொரு விபத்து நடந்தால் கிடங்கு வேலைதான் என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தது. அவருக்குக் கிடங்கு என்றால் சாவு. கட்டுப் பிரிக்கும்போது நானும் ஒன்று சொன்னேன். மாத்திரை கொடுத்துவிட்டுப் புரிந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எப்படிச் சாப்பிடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்றுதான் கேட்போம்.

"ஊசி போடுறவங்க பாடம் வேற, லேத் பாடம் வேற" என்றார்.

அவர் திரும்பி வந்த முதல் நாள், முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன். அவர் அக்காவை முன்னால் அழைத்தார்.

"நீ சொல்லு. நான் செய்றேன்."

அவள் சொல்லச் சொல்ல இரும்பை மாட்டினார், சக்கை இறுக்கினார். சாவி சக்கிலேயே நின்றது. கை சுவிட்சுக்குப் போனது. வேண்டுமென்றே விட்டாரா, இடது பக்கம் தெரியாததால் விட்டாரா, அவர் இன்றுவரை சொல்லவில்லை.

"சார், சாவி."

ஸ்கேல் விருட்டென்று மேலே போனது. முன்வரிசை மொத்தமும் பின்வாங்கியது. அவள் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை. ஸ்கேலைப் பிடித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு மற்றக் கையால் தடவிச் சாவியை உருவினார்.

"அடுத்தது?"

"நீளம் அளக்கணும் சார்."

"அளந்துக்க" என்று ஸ்கேலை அவளிடம் நீட்டினார்.

வாங்குவதற்குள் அவள் இரண்டு தடவை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.