மாமா அடித்த சல்யூட்

சன்னிவேலில் அம்மாவின் அண்ணனும் எங்களோடுதான் இருந்தார். அப்பாவை அமெரிக்காவுக்குக் கூட்டி வந்ததே மாமாதான். இருவருக்கும் ஒரே ஆபீஸ். அங்கே மாமா டீம் லீட், அப்பா அவருக்குக் கீழே. வீட்டிலோ அப்பா மாப்பிள்ளை. முதல் தோசை அவருக்கு. அவர் உள்ளே வந்தால் மாமா சோபாவிலிருந்து எழுந்துகொள்வார். பகலில் இவர் பெரியவர், சாயங்காலம் அவர் பெரியவர். எட்டு வயதில் அதை நான் ஏதோ விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் டீம் லீட் பதவியையும் அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்கள். மாமா பெரியவராக இருக்க இடமே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகுதான் மாமா லைப்ரரியிலிருந்து ஒரு பழைய படத்தின் கேசட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்தார். சண்டையே இல்லாத காலத்தில் ஒரு ராணுவ முகாம். அங்கே பழைய அதிகாரி ஒருவர், அவர் இடத்துக்கு வந்த புது அதிகாரி ஒருவர். எதிரி இல்லாத குறைக்கு இருவரும் ஒருவரையொருவர் தின்றுகொண்டிருப்பார்கள். அப்பாவும் மாமாவும் அந்த அதிகாரிகளைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

"புது ஆள் கேட்டு வாங்கலையே மச்சான். மேலருந்து போட்டா அவன் என்ன பண்ணுவான்?"

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் மாப்ளே" என்பார் மாமா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

முடிவு நெருங்கியதும் மாமா படத்தை நிறுத்திவிடுவார். "இதுக்கு மேல கொழந்தை பாக்க வேணாம். போய்ப் படு."

"நாட் ஃபேர், மாமா!" என்று கத்திவிட்டுப் போவேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் நடக்கும். பிறகு நின்றுவிடும். அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் எதிரே ஒன்றும் தெரியாத பனி. பின்சீட்டில் என் பக்கத்தில் அம்மா தூங்கிவிட்டாள். மாமா காரை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"இனிமே நீங்களே ட்ரைவ் பண்ணுங்க மாப்ளே."

பிறகு பின்னால் வந்து என்னை நகர்த்தி உட்கார்ந்தார். கார் கிளம்பியதும், நடுக்கண்ணாடியில் தெரிந்த அப்பாவின் கண்களைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கையை இறக்கவே இல்லை. எனக்கு ஒரே சிரிப்பு. நானும் அடித்தேன். அப்பா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு ஓட்டினார்.

மறுநாள் காலை மாமாவின் போர்வை ஒரு சுருக்கமில்லாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மாமா இல்லை. ஆபீஸிலும் இல்லை, ஊருக்கும் போகவில்லை. போலீஸ் வந்தது, போனது. இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது. அந்தக் காரை விற்கும்வரை அப்பா நடுக்கண்ணாடியை மேலே திருப்பியே வைத்திருந்தார். பின்னால் வரும் வண்டி தெரியாதே, அப்பாவுக்கு என்ன கிறுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

காலேஜில் படிக்கும்போது அந்தப் படத்தை முடிவுவரை பார்த்தேன். பழைய அதிகாரி ஆயுதக் கிடங்கின் சாவியைப் புதியவரின் கையில் வைக்கிறார். ஒரே ஒரு சல்யூட். பிறகு பனிக்குள் நடந்து போகிறவர் திரும்பி வருவதில்லை. அன்றைக்குக் காரில் நான் சிரித்தேன் என்றால், முடிவு எனக்குத் தெரியாது. அப்பா அதை எத்தனையோ முறை பார்த்திருந்தார்.