குச்சி நட்ட இடங்கள்

மறைமலைநகரில் மூன்று ஷிப்டுக்கும் சூடாகச் சோறு போடுவது யார் என்று எந்தக் கம்பெனி பஸ் டிரைவரைக் கேட்டாலும் என் மெஸ்ஸுக்குத்தான் கை காட்டுவார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. வியாபார மூளை எனக்கு எட்டு வயதிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. அந்த முதல் வியாபாரத்துக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் சித்தப்பாவுக்கு நடந்த நினைவுக் கூட்டத்துக்குப் பிறகு சொல்லிவிடுவதே நல்லது என்று படுகிறது.

சித்தப்பா கவிஞர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாழ்த்துப்பா அவர்தான் எழுத வேண்டும். கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், அவருக்கு இலை போட்டு அனுப்புவார்கள். பாட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை. பெரியப்பா அப்படியில்லை, செங்கல் சூளை வைத்திருந்தார். பங்கு பிரிக்காத குடும்ப நிலத்தின் மேல்மண்ணை எல்லாம் சூளைக்கு வெட்டி எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது சரளையும் பள்ளமும். ஆடுகூட அந்தப் பக்கம் போகாது. அந்த நிலத்தில்தான் ஓர் ஆவணியில் சித்தப்பா பனங்கொட்டைகளைப் புதைத்தார். பத்தடிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடையாளத்துக்கு ஒரு வேலிக்குச்சி.

எங்கள் பக்கத்தில் கொட்டையைப் புதைப்பதே கிழங்குக்குத்தான். குவியலாகப் போட்டு மண் மூடி வைத்து, தை பிறந்ததும் தோண்டி வேகவைத்துத் தின்போம். மரத்துக்காகக் கொட்டை நடுகிற ஆளை நான் கண்டதில்லை. பனைமரம் தானாக வருவது. அதனால் சித்தப்பாவைப் பார்த்து எனக்குப் பரிதாபம்தான் வந்தது. கிழங்குக் கொட்டையை ஒரே இடத்தில் போட வேண்டும் என்பதுகூட இந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. அதற்கு இரண்டு நாள் முன்பு, யாருமில்லாத நேரமாகப் பார்த்துக் கடப்பாரையோடு போனேன். சித்தப்பாவிடம் சொன்னால் பங்கு கேட்பார் என்று சொல்லவில்லை. எல்லைக்கல்லை ஒட்டிய குச்சியில் ஆரம்பித்துக் கடைசிக் குச்சிவரை தோண்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. தோண்டிய இடத்தை மூடி, குச்சியையும் பழையபடி நட்டுவைத்தேன். களவிலும் எனக்குச் சுத்தம் வேண்டும். தோழி வீட்டுப் பாத்தியில் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, காணும் பொங்கலன்று கடற்கரைக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள் கூடை காலி. அன்று பஸ்ஸில் நான் திரும்பி வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் பெரியப்பாவும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள்.

“ஆடி வரிக்கும் பாப்பேன். ஒரு குருத்துகூட கண்ணுல படலன்னா மிச்சம் கீற மண்ணையும் லாரில ஏத்திடுவேன். அப்பால பாட்டு பாடிகினு வராத” என்றார் பெரியப்பா.

“வரும் அண்ணாத்த. கொட்ட உள்ள வேல செஞ்சிகினு கீது.”

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கூடையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், சித்தப்பா ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து ஒவ்வொரு குச்சிக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அடுத்த நாளும் ஊற்றினார். அதற்கடுத்த நாளும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நான்காம் நாள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

“சித்தப்பா, அதுல ஒண்ணும் இல்ல. நான்தான் தோண்டி வித்துட்டேன்.”

அவர் குடத்தை இறக்கி வைத்தார். குச்சிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நீதானா மொதலாளி அது? குச்சி வெச்ச எடத்துல கீறது உங்கள மாதிரி பசங்களுக்குடி. தோண்டாம வுடுவீங்களா நீங்க? மரத்துக்குப் பொதைச்சது வேற எடத்துல, குச்சி இல்லாம கீது.”

“அப்ப இன்னாத்துக்கு இதுக்குத் தண்ணி ஊத்தற?”

“உங்கள ஏமாத்தத்தான். எனக்கு ஒரு கிழங்காச்சும் எடுத்து வெச்சியா?”

எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன்.

ஆடி வந்தது. லாரி வரவில்லை. அது போதும் எனக்கு. குருத்து வந்ததா என்று போய்க்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆடியிலிருந்து சித்தப்பா சூளைக்குக் கல் சுமக்கப் போனார். எதற்கு என்று கேட்டேன். சூட்டில் பாட்டு நன்றாக வேகும் என்றார், நம்பினேன். அடுத்த ஆடியில் நிலம் முழுக்கப் பச்சைக் குருத்து. சித்தப்பா ஊர்ப் பிள்ளைகளை எப்படி ஏய்த்தார் பார் என்று நானே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அந்தப் பனைகளுக்கு நடுவே பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, மாடு மேய்கிறது. சிறுசேரியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் அங்கேயே ஷாமியானா போட்டு நினைவுக் கூட்டத்தை நடத்தினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் மெஸ்ஸைப் பற்றிப் பேசினேன். எனக்குப் பிறகு பேசியவர் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். முதல் வருஷம் ஒரு கொட்டைகூட முளைக்கவில்லையாம். பெரியப்பா லாரிக்குச் சொல்லிவிட்டாராம். நிலத்தை இன்னும் ஒரு வருஷம் விட்டுவை, மறுபடியும் கொட்டை போடுகிறேன், அதுவரை கூலியில்லாமல் கல் சுமக்கிறேன் என்று சித்தப்பா கேட்டாராம். ஏன் முளைக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை என்று சொல்லி அண்ணன் உட்கார்ந்தார்.

நான் எழுந்து எல்லைக்கல்லுக்குப் போனேன். அதை ஒட்டி ஒரு பனை. அங்கிருந்து பத்தடியில் ஒன்று, அடுத்த பத்தடியில் ஒன்று. நான் தோண்டிய இடங்களைத் தவிர வேறெங்கும் ஒரு மரம் இல்லை. மரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். மரம் நிற்கிறதே, அது போதும் என்றிருந்தது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் ஏன் அவ்வளவு நேரம் குச்சிகளைப் பார்த்தார் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. கல்யாண வாழ்த்துப்பாவையே நின்ற நிற்பில் கட்டிச் சொல்லிவிடுகிற மனுஷர் அவர்.